வண்டி யார் பெயரில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுக்கு வேலைக்குச் செல்வோருக்காகத் தங்கள் இதழில் வரும் வழிகாட்டிக் கட்டுரைகளை நான் விடாமல் படித்து வருகிறேன். விசா, வேலை ஒப்பந்தம், வீட்டு வாடகை, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளி என்று ஒவ்வொன்றும் விளக்கமாக வருகிறது. போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே பலரும் வாங்கிவிடுகிற காரைப் பற்றி மட்டும், எந்த மாடல் நல்லது என்பதைத் தாண்டி யாரும் எழுதுவதில்லை. வண்டியைத் தேர்ந்தெடுப்பது எளிது. அந்நிய நாட்டில் அதைச் சட்டப்படி தன் பெயருக்குக் கொண்டுவருவதும், கிளம்பும்போது சட்டப்படி அதிலிருந்து தன் பெயரை எடுத்துவிடுவதும்தான் கடினம். அந்த இரண்டு இடங்களிலும் நம்மவர்கள் இடறி விழுவதை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். நானே ஒருமுறை அப்படி அகப்பட்டவன் என்பதால் இந்தக் கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்: வண்டியை யார் ஓட்டப்போகிறாரோ அவர் பெயரில்தான் அது பதிவாக வேண்டும். அதற்குத் தேவையான தாள்கள் கைக்கு வரும்வரை வண்டி வாங்கக் கூடாது. நாட்டை விட்டுக் கிளம்புமுன் அந்தப் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிட்டதற்கான சான்று கையில் இருக்க வேண்டும். நண்பர் பெயரில் வாங்கி ஓட்டுவதும், புதிதாக வந்தவருக்காகத் தன் பெயரைக் கொடுப்பதும் நம்மவரிடையே உதவியாகவே கருதப்படுகிறது. நல்ல மனதோடு செய்யப்படும் இந்த உதவிதான் கொடுத்தவரையும் பெற்றவரையும் ஒருசேரச் சிக்கலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

நான் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. எங்கள் வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பிக்கு அதிகாலை ஷிப்ட் கொடுத்திருந்தார்கள். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. அவருடைய குடியிருப்பு அட்டை வர இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்ற நிலை. “அண்ணா, உங்க பேர்ல எடுத்துக் குடுங்க, கார்டு வந்ததும் என் பேருக்கு மாத்திக்கிறேன்” என்று கேட்டார். பணம் முழுவதும் அவருடையது. நான் போட்டது கையெழுத்து மட்டுமே. கார்டும் வந்தது. ஆனால் பெயர் மாற்றுவது இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனது. எட்டாவது மாதம் அவர் வேறொரு நகரத்துக்கு வேலை மாறினார். அங்கே வண்டியை யாரோ ஒருவருக்கு ரொக்கத்துக்கு விற்றுவிட்டு, சில வாரங்களில் ஊருக்கும் திரும்பிவிட்டார். வண்டி விற்கப்பட்ட செய்தியே எனக்கு எட்டவில்லை.

பிறகு ஒரு நாள் என் தபால் பெட்டியில் கனமான உறை ஒன்று கிடந்தது. உள்ளே, சாலையோர வேகக் கேமரா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். முன் கண்ணாடிக்குப் பின்னால் தொப்பி அணிந்த ஒருவர். ஒரு கை ஸ்டீயரிங்கில், இன்னொரு கை காதருகே. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதன் கீழே நம்பர் பிளேட் பளிச்சென்று பெரிதாக்கிக் காட்டப்பட்டிருந்தது. அதற்கும் கீழே என் பெயர், என் வீட்டு முகவரி. அடுத்தடுத்துத் தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்தியதற்கான அபராதங்கள் வந்தன. கடைசியில், கைவிடப்பட்ட நிலையில் இருந்த வண்டியை இழுத்துச் சென்று வைத்திருக்கிறோம், அதற்கு நாள் கணக்கில் வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது என்று ஒரு கடிதம். பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அலுவலர் நான் சொன்ன அனைத்தையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தன் கணினித் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வண்டி யார் பெயரில் இருக்கிறது? என்னிடம் விற்பனைத் தாளும் இல்லை, வாங்கியவரின் பெயரும் தெரியாது. எல்லா அபராதத்தையும் கட்டி, வாடகையைக் கட்டி வண்டியை மீட்டு, அதை உடைப்புக்குக் கொடுத்து, அழிக்கப்பட்டதற்கான சான்றைச் சமர்ப்பித்த பிறகே பதிவேட்டிலிருந்து என் பெயர் நீங்கியது. முதல் உறை வந்த நாளிலிருந்து எண்ணினால் பதினான்கு மாதங்கள்.

அந்த அலுவலர் மீது எனக்கு வருத்தமில்லை; அவர் சட்டம் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார். பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். வேகக் கேமராவில் ஒரு வண்டி பதிவானால், அதன் பதிவு பெற்ற பொறுப்பாளருக்கு 14 நாளுக்குள் அறிவிப்பு போகும். ஓட்டியவர் யார் என்பதை அவர் 28 நாளுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் அதுவே தனிக் குற்றமாகி, அவருடைய லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளிகள் ஏறும். மூன்றாண்டுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸே பறிபோகக்கூடும். ஒரே வண்டிக்காக இரண்டு உறைகள் வந்து, இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாமல் போனால் நிலைமை என்னவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெயரைக் கொடுத்தவர் தன் லைசென்ஸையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

பெயரைப் பெற்றவரின் நிலையும் பாதுகாப்பானதன்று. பதிவுத் தாள் வேறு, உரிமைத் தாள் வேறு என்பது பலருக்கும் தெரிவதில்லை. பிரிட்டனில் வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ. வழங்கும் வி-5-சி என்ற பதிவுச் சான்று, வண்டிக்குப் பொறுப்பானவர் யார் என்பதை மட்டுமே சொல்கிறது. அது உரிமைக்கான ஆதாரமன்று. ஜெர்மனியில் பதிவுச் சான்று இரண்டு பாகங்களாக வருகிறது. முதல் பாகம் வண்டியோடு எப்போதும் இருக்க வேண்டியது. இரண்டாம் பாகம் வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டியது. இந்தச் சான்று யார் பெயரில் இருக்கிறதோ அவர் வண்டியின் உரிமையாளர் என்று கொள்ளப்படமாட்டார் என்று முதல் பாகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்காவில் மாநில அரசு வழங்கும் டைட்டில் என்ற தாள்தான் உரிமையைக் காட்டுவது; பதிவு என்பது சாலையில் ஓட்டுவதற்கான அனுமதி. ஆகவே நண்பர் பெயரில் வண்டி எடுத்தவரிடம் கொடுத்த பணத்துக்குத் தாள் இல்லை; பெயர் கொடுத்தவரிடம் தாள் உண்டு, வண்டி இல்லை. இருவருக்கும் மனத்தாங்கல் வந்தால் மூன்றாவது மனிதர் யாராலும் தீர்த்து வைக்க முடியாத வழக்காக அது முடியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. வண்டியை நாள்தோறும் ஓட்டுகிறவர் ஒருவர், பாலிசியில் முதன்மை ஓட்டுநர் என்று காட்டப்பட்டிருப்பவர் இன்னொருவர் என்றால், பிரிட்டனில் காப்பீட்டுத் துறையினர் அதை மோசடியாகவே பார்க்கிறார்கள். பிரீமியம் குறையும் என்பதற்காகப் பல குடும்பங்கள் இதைச் செய்கின்றன. புதிதாக வந்தவருக்காக மூத்தவர் பெயரில் எடுக்கும் பாலிசியும் இதே வகையில்தான் சேரும். விபத்து நடக்காதவரை எவரும் கேட்க மாட்டார்கள். நடந்த மறுநாள், வேலையிட முகவரி, வண்டி இரவில் நிற்கும் இடம், யார் எத்தனை நாள் ஓட்டினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பாலிசி செல்லாது என்று ஆகிவிட்டால், சேதமடைந்த இன்னொருவரின் வண்டிக்கும் காயத்துக்கும் உரிய தொகையைக் கைப்பணத்திலிருந்து கொடுக்க நேரலாம்; அதன்பின் அந்நாட்டில் வேறொரு காப்பீடு கிடைப்பதும் அரிதாகிவிடும்.

பிறர் பெயரை ஏன் நாடுகிறோம் என்று பார்த்தால், காரணம் பெரும்பாலும் ஒன்றே: நம் தாள்கள் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு தாளைக் கேட்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐ.டி. என்ற அரசு அடையாள அட்டை இல்லாமல் வண்டி பெயருக்கு வராது. ஓராண்டுப் பதிவுக்குப் பதின்மூன்று மாதக் காப்பீடு காட்டுவது அங்கே வழக்கம். ஜெர்மனியில் வசிப்பிடத்தை நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும். காப்பீடு எடுத்ததை உறுதிசெய்ய நிறுவனம் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஏழு இலக்கக் குறியீடு கையில் இருக்க வேண்டும். வாகன வரியை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதக் கடிதமும் தர வேண்டும். அங்கு வசிப்பிடம் இல்லாத ஒருவர் வண்டி பதிவு செய்ய வேண்டுமானால், அரசுக் கடிதங்களைத் தனக்காகப் பெற்றுக்கொள்ள அந்நாட்டில் ஒருவரை நியமிக்கும்படி சட்டம் சொல்கிறது. இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்: அவர் கடிதம் வாங்கிக்கொள்கிறவர் மட்டுமே, வண்டிக்குப் பொறுப்பு வாங்கியவருடையதுதான். பெயர் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

ஜப்பானின் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. வண்டியைப் பதிவு செய்யுமுன், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று பெற வேண்டும். சிறு ரகக் கார்களுக்கு மட்டும் சில ஊர்களில் இதில் தளர்வு உண்டு. நிறுத்தும் இடத்தின் வரைபடத்தை நீள அகலத்தோடு கையால் வரைந்து கொடுக்க வேண்டும். இட உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். இவற்றோடு, கையெழுத்துக்குப் பதிலாகப் பயன்படும், நகராட்சியில் பதிவு செய்த சொந்த முத்திரையும் அதற்கான சான்றும் கேட்பார்கள். முதல்முறை கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் இத்தனையும் முடிந்து வண்டி கைக்கு வரும்போது, அது யாருடையது, இரவில் எங்கே நிற்கும் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்காது.

இந்தத் தாள்கள் வர ஆறு வாரமோ பத்து வாரமோ ஆகலாம். அதுவரை மாத வாடகைக்கு வண்டி எடுத்துக்கொள்ளலாம். செலவு கூடுதல்தான், ஆனால் ஒப்பந்தமும் காப்பீடும் ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்கும். அதற்குள் லைசென்ஸ் விஷயத்தையும் பார்த்துவிடுவது நல்லது. பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் வரை வெளிநாட்டு லைசென்ஸில் ஓட்டலாம். ஜெர்மனியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற லைசென்ஸுக்கு வசிப்பிடம் ஏற்பட்டதிலிருந்து ஆறு மாதங்கள்தான் கெடு. கெடு முடிந்த மறுநாள் ஓட்டுகிறவர் சட்டத்தின் பார்வையில் லைசென்ஸ் இல்லாதவர். அவருடைய காப்பீடும் அந்த நிமிடமே கேள்விக்குரியதாகிறது. சொந்த நாட்டில் விபத்தின்றி ஓட்டிய ஆண்டுகளுக்கு, பழைய காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு கிளம்புவதும் பயன் தரும். எல்லா நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை. ஏற்கும் நிறுவனம் அமைந்தால் பிரீமியம் கணிசமாகக் குறையும்.

பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியதும் கடைசியில் பெயரில்தான் வந்து நிற்கிறது. எதிரே நிற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும், பதிவுச் சான்றில் உள்ள பெயரும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும். “வண்டி என் மச்சானுடையது, அவர் வெளியூரில் இருக்கிறார்” என்ற பதில் வந்தால், அந்த மச்சான் திரும்பி வரும்வரை பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கலாம். அமெரிக்காவில், வாங்கிய வண்டியைத் தன் பெயருக்கு மாற்றாமலேயே பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட டைட்டிலை அடுத்தவரிடம் தள்ளிவிடுவது சட்ட விரோதம். அப்படிப்பட்ட தாளோடு பதிவு அலுவலகம் போகிறவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

அடுத்து வண்டியின் 17 எழுத்து அடையாள எண். முன் கண்ணாடியின் கீழ் மூலையில் வெளியிலிருந்தே தெரியும்படியும், பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலும் அது இருக்கும். பதிவுச் சான்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தைக்கூட விடாமல் ஒப்பிட வேண்டும். ஒன்று, பூஜ்யம் ஆகிய எண்களோடு குழம்பக் கூடாது என்பதற்காக ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இந்த எண்ணில் பயன்படுத்துவதே இல்லை. தாளில் அவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அங்கே ஏதோ தவறு நடந்திருக்கிறது. கண்ணாடி ஓரத்துத் தகட்டில் ரிவெட்டுகள் புதிதாகத் தெரிந்தாலோ, எழுத்துகள் சாய்ந்திருந்தாலோ அந்த வண்டி வேண்டாம்.

வண்டி மீது கடன் பாக்கி இருக்கிறதா என்பதைப் பார்ப்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வழி உண்டு. ஆஸ்திரேலியாவில் 2012 முதல் நாடு முழுவதற்கும் ஒரே அடமானப் பதிவேடு நடைமுறையில் இருக்கிறது. வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து மிகச் சிறிய கட்டணத்தில் தேடிவிடலாம். ஜெர்மனியில் கடன் முடியும்வரை பதிவுச் சான்றின் இரண்டாம் பாகத்தை வங்கி தன்னிடமே வைத்துக்கொள்வது வழக்கம் என்பதால், விற்கிறவர் அதை எடுத்துக் காட்ட முடியாவிட்டால் காரணம் கேட்க வேண்டும். கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் நிதி நிறுவனம் வண்டியைத் தேடித்தான் வரும். புதிதாக வாங்கியவரைத் தேடிக் காரணம் கேட்டுக்கொண்டிருக்காது.

இனி, கிளம்பும் கட்டம். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். விமான டிக்கெட்டுக்கு நாள் குறித்து, வீட்டைக் காலி செய்து, பெட்டி கட்டிய பிறகே காரின் நினைவு வருகிறது. கடைசி வாரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பிப் போய்விடுகிறார்கள். சவுதி அரேபியாவில் இந்த நம்பிக்கைக்கே இடமில்லை; பெயரில் வண்டி இருக்கும்வரை ஃபைனல் எக்ஸிட் என்ற நிரந்தரமாக வெளியேறும் அனுமதி கிடைக்காது. இஸ்திமாரா என்ற வாகனப் பதிவுச் சான்றில் பெயர் மாறி, அபராதங்கள் தீர்ந்த பிறகே பயணம். பலர் இதைக் கெடுபிடி என்பார்கள். பதினான்கு மாதம் அலைந்த எனக்கு அது வெளியேறுகிறவரைக் காப்பாற்றும் சட்டமாகவே தெரிகிறது.

மற்ற நாடுகளில் அந்தக் காவலை நாமே செய்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் விற்றவர் அன்றே டி.வி.எல்.ஏ.வுக்கு இணைய வழியில் தெரிவித்துவிடலாம். 2014 அக்டோபர் முதல் வாகன வரி வண்டியோடு சேர்ந்து கை மாறுவதில்லை. மீதமிருக்கும் முழு மாதங்களுக்கான வரி விற்றவருக்கே திரும்பி வரும், வாங்கியவர் புதிதாக வரி கட்டிய பிறகே ஓட்ட வேண்டும். கலிபோர்னியாவில் விற்றவர் 5 நாளுக்குள் இனி வண்டிக்குத் தான் பொறுப்பில்லை என்று தெரிவிக்கும் பொறுப்பு விடுப்பு அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 10 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் பதிவை நீக்கிவிட்டு, நம்பர் பிளேட் செல்லாததாக்கப்பட்ட பிறகு வண்டியை ஒப்படைப்பதே விற்பவருக்குப் பாதுகாப்பு. எந்த நாடானாலும், தேதியும் நேரமும் குறித்து இருவரும் கையெழுத்திட்ட விற்பனைத் தாள் ஒன்றும், வாங்கியவரின் அடையாள அட்டையின் நகலும் வேண்டும். நேரம் எதற்கு என்று கேட்பார்கள். மாலை நான்கு மணிக்கு விற்ற வண்டி ஐந்து மணிக்குக் கேமராவில் விழுந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதில் சொல்லப்போவது அந்தத் தாள்தான். சுங்கச் சாவடிக் கட்டணமும் அபராதமும் வாரக்கணக்கில் தாமதமாக வருவது இயல்பு. ஆகவே வங்கிக் கணக்கைச் சில மாதங்கள் மூடாமல் வைத்திருந்து, தபால் வாங்கிக்கொள்ள நம்பிக்கையான ஒரு முகவரியையும் விட்டுச் செல்ல வேண்டும்.

வெளிநாட்டில் பல ஆண்டுகளாக இருக்கும் மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வந்த பிள்ளை வாசலில் வந்து நின்று கேட்கும்போது முடியாது என்று சொல்வது எத்தனை சங்கடம் என்பதை நான் அறிவேன். நானும் அந்தச் சங்கடத்தைத் தாங்க மாட்டாமல்தான் கையெழுத்துப் போட்டேன். இப்போது யாராவது கேட்டால் பெயரைக் கொடுப்பதில்லை, நேரத்தைக் கொடுக்கிறேன். விண்ணப்பத்தை வரி வரியாகப் படித்து விளக்குகிறேன். பதிவு அலுவலகத்துக்குக் கூடவே போய் மொழிபெயர்க்கிறேன். வண்டி பார்க்கப் போகும்போது அடையாள எண்ணைச் சரிபார்க்கிறேன். தாள் வரும்வரை முடிந்த நாட்களில் காலையில் வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன். இரண்டு மாதம் அதிகாலையில் எழுந்து ஒருவரைக் கொண்டு விட்டது, அந்தக் கையெழுத்தோடு ஒப்பிட்டால் எனக்கு ஒரு சிரமமாகவே தெரியவில்லை.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வழிகாட்டிப் பகுதியில் நாட்டுக்கு ஒரு கட்டுரை வீதம், வண்டி வாங்கிப் பெயருக்குக் கொண்டுவரும் முறையையும், விற்றுப் பெயரை நீக்கும் முறையையும், அந்தந்த நாட்டில் பழகியவர்களைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்தந்த அரசுத் துறையின் இணையதளத்தை வாசகர் நேரில் பார்க்கும்படியும் அதில் குறிப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு எந்தத் தாள், எந்த அலுவலகம், எத்தனை நாள் கெடு என்ற மூன்றும் முதல் பத்தியிலேயே வந்துவிட்டால், அவசரத்தில் படிக்கிறவருக்கும் அது உதவும்.

இங்ஙனம்,
வெளிநாடு வாழ் வாசகர்